வகுப்பில் வண்ணச் சுடர்: மெத்தனாலா, மரக்குச்சியா, காணொளியா?

உப்பைச் சுடரில் காட்டினால் சுடரின் நிறம் மாறும். சோடியம் மஞ்சள் தரும், ஸ்ட்ரான்ஷியம் ரத்தச் சிவப்பு, பேரியம் இளம்பச்சை, பொட்டாசியம் மெல்லிய ஊதா, தாமிரம் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களில்தான் இருக்கின்றன என்பதைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். சூட்டில் மேல் மட்டத்துக்கு ஏறிய எலக்ட்ரான் கீழே இறங்கும்போது வெளிவரும் ஒளிதான் இந்த நிறங்கள், அவற்றைப் பார்த்தால்தான் நம்புவார்கள். அதனால் இதை வகுப்பில் காட்ட வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கட்டாயம் காட்ட வேண்டும். எந்த முறையில் காட்டுவது என்பதுதான் கேள்வி. அந்த முடிவைத் தவறாக எடுத்த வகுப்பறைகளிலிருந்து பிள்ளைகள் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

ஆசிரியர்களிடையே புழக்கத்தில் பல வழிகள் இருக்கின்றன. உப்பின் மேல் மெத்தனால் (எளிதில் எரியும் ஒரு வகைச் சாராயம்) ஊற்றிக் கொளுத்துவது, மெத்தனாலுக்குப் பதிலாக எத்தனால், அதையே தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துச் செய்வது, உப்புக் கரைசலில் ஊறிய மரக்குச்சியை பன்சன் பர்னரில் (ஆய்வக வாயு அடுப்பில்) காட்டுவது, நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பியில் உப்பைத் தொட்டுக் காட்டுவது, மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் வாயு நிரம்பிய மின்னிறக்கக் குழாய், காணொளி. என் தேர்வு மரக்குச்சி. ஆனால் மெத்தனாலைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன். விபத்துகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. அது ஏன் ஆபத்து என்பதும் பலருக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

மெத்தனால் முறை பார்க்க அழகானது, அதை மறுக்க முடியாது. வரிசையாக ஐந்தாறு கண்ணாடிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உப்பு, மேலே சிறிது மெத்தனால். விளக்கை அணைத்துவிட்டுக் கொளுத்தினால் மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வானவில்போல நிறம் நிறமாகச் சுடர் நிற்கும். மெத்தனாலின் சொந்தச் சுடர் வெளிர்நீலம், அதிலும் மிக மங்கலானது. அதனால் உப்பின் நிறம் துல்லியமாகத் தெரிகிறது. இதற்காகத்தான் எல்லோரும் மெத்தனாலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளைக் கொல்லப் பார்ப்பதும் இதே குணம்தான். வெளிச்சமான அறையில் மெத்தனால் எரிவது கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தில் சுடர் தாழ்கிறது, அல்லது அணைந்துவிட்டதுபோலத் தெரிகிறது. கடைசி வரிசைப் பிள்ளைகள் சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை என்கிறார்கள். ஆசிரியர் பாட்டிலை எடுத்து அந்தக் கிண்ணத்தில் ஊற்றுகிறார். கிண்ணத்தில் இன்னும் சின்னதாக ஒரு சுடர் இருக்கிறது, அல்லது கிண்ணம் சூடாக இருந்து பக்கத்துக் கிண்ணத்தில் தீ இருக்கிறது. விபத்து நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஊற்றலில்தான்.

அந்த நொடியில் பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் மற்ற முறைகளை எடைபோடுவது சுலபமாகிவிடும். மெத்தனால் சுமார் 11 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆவியை வெளிவிடும். காற்றில் அந்த ஆவி ஏறக்குறைய 6 சதவீதத்திலிருந்து 36 சதவீதம்வரை எந்த அளவில் இருந்தாலும் பற்றிக்கொள்ளும். 20 டிகிரி வெப்பத்தில் மூடிய பாட்டிலின் காலி இடத்தில் ஆவி கிட்டத்தட்ட 13 சதவீதம் இருக்கும். 30 டிகிரியில் 21 சதவீதத்தைத் தாண்டும். அதாவது சாதாரண அறை வெப்பநிலையில், பாதி காலியான மெத்தனால் பாட்டிலின் மேற்பாதி முழுக்கத் தீப்பிடிக்கத் தயாரான கலவை. பெட்ரோலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். பெட்ரோல் கேனுக்குள் ஆவி பெரும்பாலும் அளவுக்கு மீறி அடர்த்தியாக இருப்பதால் உள்ளே தீ பரவப் போதிய காற்று இருப்பதில்லை. அதற்காகப் பெட்ரோல் பாதுகாப்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், காலியாகப் போகும் பெட்ரோல் கேனும் வெடிக்கும். மெத்தனாலுக்கு அந்த ஒரு தடைகூட இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊற்றும்போது ஆவியின் வழியாகச் சுடர் பாட்டில் வாய்க்குள் ஏறுகிறது. உள்ளே இருக்கும் கலவை ஒரே கணத்தில் எரிந்து விரிகிறது. வெளியேற ஒரே வழி குறுகிய கழுத்து. எரியும் ஆவியும் திரவமும் அந்த வழியாகப் பீறிட்டு, பாட்டிலின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் பல அடி தூரம் பாய்கின்றன. கிண்ணத்தில் ஊற்றுபவர் பாட்டிலைத் தன்னைவிட்டு விலக்கி முன்பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பார். முன்பக்கம் உட்கார்ந்திருப்பது பிள்ளைகள். ஆசிரியர் லேசான காயத்தோடு தப்ப, முன்வரிசை மாணவர் வெந்துபோவது இதனால்தான்.

2014-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இது திரும்பத் திரும்ப நடந்தது. ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வண்ணச் சுடர் செய்துகாட்டியபோது மாணவர்கள் தீக்காயம் அடைந்தார்கள். செப்டம்பரில் ரீனோ நகரின் அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில் நெருப்புச் சுழல் காட்டும்போது 13 பேர் காயமடைந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். அங்கே எரிய வைத்திருந்த பஞ்சு பற்றவில்லை என்று நினைத்து அதன் மேல் மேலும் மெத்தனால் ஊற்றியிருக்கிறார்கள். அதே மாதம் டென்வரில் ஒரு பள்ளியில், சுடர் போதவில்லை என்று பாட்டிலிலிருந்து ஊற்றியபோது பாய்ந்த தீ ஒரு மாணவரை மோசமாகச் சுட்டது. அந்த அக்டோபரில் அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்துகளை வைத்து ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. இத்தனைக்கும் முந்தைய ஆண்டே, இதே செய்துகாட்டலில் எரிந்த ஒரு மாணவியின் அனுபவத்தை அந்த வாரியம் காணொளியாக எடுத்துப் பரப்பியிருந்தது. 2015 அக்டோபரில் வர்ஜீனியாவில் ஒரு பள்ளியில் மறுபடியும் அதே கதை, ஐந்து மாணவர்களும் ஆசிரியரும் காயம். எரியும் கரைப்பான்களைத் திறந்த மேசையில் வைத்துச் செய்யும் வானவில் சுடரை உடனே நிறுத்துங்கள் என்று அமெரிக்க வேதியியல் சங்கத்தின் பாதுகாப்புக் குழு வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது.

"இத்தனை வருஷமாகச் செய்கிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்று சொல்லும் நல்ல ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் கவனமானவர்கள் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பாட்டில் நிரம்பியிருக்கும்போது உள்ளே ஆவிக்கு இடம் குறைவு, தீ உள்ளே போனாலும் தள்ளும் வேகம் குறைவு. பாட்டில் காலியாகக் காலியாக அந்த இடம் பெருகுகிறது. ஆசிரியரின் கைப்பக்குவம் மாறாமலே அபாயம் ஏறிக்கொண்டு போகிறது. சென்ற வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த வருடத்துப் பாட்டிலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

சரி, மெத்தனாலுக்குப் பதில் எத்தனால் வைத்தால்? பலரும் முதலில் யோசிப்பது இதைத்தான், பாதுகாப்பானது என்று நம்புவதும் இதைத்தான். நச்சுத்தன்மையில் எத்தனால் மேல், அது உண்மை. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையையே பறிக்கக்கூடியது, தோல் வழியாகவும் ஏறும். ஆனால் தீ விஷயத்தில் எத்தனாலால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு. அது தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 13 டிகிரி. காற்றில் பற்றும் அளவு ஏறத்தாழ 3 முதல் 19 சதவீதம். 20 டிகிரியில் பாட்டிலுக்குள் ஆவி 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, 30 டிகிரியில் சுமார் 10. இதுவும் நட்டநடுவே பற்றும் எல்லைக்குள்தான் நிற்கிறது. பாட்டிலிலிருந்து தீ பீறிடுவது எத்தனாலிலும் அப்படியே நடக்கும். கூடவே எத்தனாலின் சுடர் மெத்தனாலைவிட மஞ்சள் கலந்து எரிவதால் பொட்டாசியத்தின் ஊதா போன்ற மெல்லிய நிறங்கள் அடிபட்டுப் போகும். அபாயத்தைப் பெரிதாகக் குறைக்காமல் பாடத்தை மட்டும் மங்கலாக்கும் மாற்றத்தை நான் மாற்றமாகவே எண்ணவில்லை.

தடுப்புக் கண்ணாடி, ஃபியூம் ஹூட் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு), கண்ணில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடி, பாட்டிலை மூடி அறைக்கு வெளியே அனுப்பிவிடுவது, பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைப்பது என்று அடுத்த வழி ஒன்று இருக்கிறது. இவற்றில் உண்மையிலேயே பெரிய வேலை செய்வது பாட்டிலை வெளியே அனுப்புவதுதான். தேவையான சில மில்லிலிட்டரை முன்கூட்டியே அளந்து ஊற்றிவிட்டு, பாட்டிலை அப்புறப்படுத்திய பிறகே தீக்குச்சியைத் தொட்டால், தீ பீறிடப் பாட்டிலே அங்கே இல்லை. ஆனால் அது முழுக்க ஒரு மனிதரின் கட்டுப்பாட்டை நம்பியிருக்கிறது. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, கடைசி வரிசை "இன்னொரு தடவை" என்று கெஞ்சும்போது, பாட்டிலை மறுபடி கொண்டுவராமல் இருக்க வேண்டும். தடுப்புக் கண்ணாடியோ பலமுறை கிண்ணத்துக்கும் மாணவர்களுக்கும் நடுவே மட்டும் நிற்கும், ஊற்றும் கை அதற்கு மேலே இருக்கும். தொழிற்சாலைப் பாதுகாப்பில் ஒரு வரிசை சொல்வார்கள். ஆபத்தை அடியோடு நீக்கு, முடியாவிட்டால் வேறொன்றை மாற்றி வை, பிறகு கருவியால் தடு, பிறகு விதிமுறை, கடைசியில் உடலில் அணிவது. இந்த வழி அந்த வரிசையின் கடைசி மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் இரண்டையும் விட்டுவிடுகிறது. முதல் இரண்டும் இங்கே சுலபமாகக் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

அந்த இரண்டும் கிடைப்பது மரக்குச்சி முறையில். வேதியியல் சங்கம் மாற்றாகச் சொன்னதும் இதுதான். தட்டையான மெல்லிய மரக்குச்சிகளை முந்தைய நாள் இரவே உப்புக் கரைசலில் ஊறப்போட வேண்டும். கரைசல் தண்ணீரில் செய்தது, எரியும் திரவம் எதுவும் கிடையாது. வகுப்பில் ஈரக் குச்சியை எடுத்து பர்னரின் நீலச் சுடரின் ஓரத்தில் பிடித்தால் சில நொடிகள் நிறம் பளிச்சென்று எழும். அறையில் இருக்கும் எரிபொருள் பர்னருக்கு வரும் வாயு மட்டும்தான், குழாயைத் திருகினால் அதுவும் நின்றுவிடும். இன்னொரு தடவை என்று பிள்ளைகள் கேட்டால் இன்னொரு குச்சியை எடுத்தால் போதும். மெத்தனால் முறையில் விபத்தாக முடியும் அதே கோரிக்கை இங்கே எந்தக் கெடுதலும் இல்லாமல் நிறைவேறிவிடுகிறது. என் கணக்கில் இந்த முறையின் மிகப் பெரிய பலம் இதுதான்.

செய்யும்போது சில நுணுக்கங்கள் உண்டு. குளோரைடு உப்புகள் சுடரில் எளிதாக ஆவியாவதால் நிறம் நன்றாக வரும். நைட்ரேட்டுகள் ஆக்சிஜனேற்றிகள் என்பதால் மரத்தை வேகமாக எரியவைக்கும், அவற்றைத் தவிர்த்துவிடலாம். குச்சி காய்ந்து மரமே எரியத் தொடங்கினால் மஞ்சள் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்குள் வெளியே எடுத்துத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட வேண்டும். பொட்டாசியத்தைக் காட்டும்போது நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னால் சோடியத்தின் மஞ்சள் வடிகட்டப்பட்டு ஊதா தெரியும். பேரியம் குளோரைடு விழுங்கினால் விஷம், தாமிர உப்பும் நல்லதல்ல. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்பு, முடிந்ததும் கை கழுவுதல், திறந்த ஜன்னல் எல்லாம் இங்கேயும் வேண்டும். குறை என்று பார்த்தால், ஒரே நேரத்தில் ஆறு நிறம் வரிசையாக நிற்கும் காட்சி கிடைக்காது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். பெரிய அறையில் பின்வரிசைக்குச் சுடர் சின்னதாகவே தெரியும். ஆறேழு பேராக மேசையைச் சுற்றி வரவழைத்துக் காட்டலாம், அல்லது செல்போன் கேமராவைத் திரையோடு இணைத்துவிடலாம்.

நிக்ரோம் கம்பி இன்னும் பழைய வழி. கம்பி முனையை அமிலத்தில் நனைத்து, உப்பில் தொட்டு, சுடரில் காட்டுவது. ராபர்ட் பன்சனும் குஸ்டாவ் கிர்ச்சாஃபும் 1859-60 காலத்தில் நிறமாலை ஆய்வைத் தொடங்கியபோது கம்பி முனையில் ஒட்டிய ஒரு துளி உப்பே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. சீசியத்தையும் ருபிடியத்தையும் அந்த வழியில்தான் கண்டுபிடித்தார்கள். இளம் வயதில் ஆர்சனிக் சேர்ம ஆய்வில் நடந்த வெடிப்பில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் பன்சன். அவர் பெயரைத் தாங்கிய, ஏறக்குறைய நிறமற்ற சுடர் இருக்கும்போது, நிறம் காட்டக் கிண்ணம் கிண்ணமாகச் சாராயம் ஊற்ற வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. மாணவர்களே கையால் செய்து பார்க்கக் கம்பி நல்லது. ஆனால் கம்பி சரியாகச் சுத்தமாகாவிட்டால் எல்லாச் சுடரும் சோடியத்தின் மஞ்சளாகவே வரும், ஒவ்வொரு உப்புக்கும் தனிக் கம்பி வைத்துக்கொள்வது நல்லது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், நீர்த்ததே போதும்.

மின்னிறக்கக் குழாய் வசதி உள்ள பள்ளிகளுக்கு. ஹைட்ரஜன் குழாயைக் கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடு) வழியாகப் பார்த்தால் சிவப்பு, நீலப்பச்சை, ஊதாக் கோடுகள் தனித்தனியாக நிற்கும். ஆற்றல் மட்டம் என்ற கருத்துக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. உயர் மின்னழுத்தம் இருப்பதால் குழாயை ஆசிரியர் மட்டுமே மாற்ற வேண்டும்.

காணொளியில் யாருக்கும் தீப்புண் வராது, அருகிலிருந்து பார்க்கலாம், வேகத்தைக் குறைத்தும் பார்க்கலாம். வண்ணச் சுடருக்கு மட்டும் அதை நான் முதல் தேர்வாக வைக்க மாட்டேன். பாதுகாப்பாக நேரில் காட்டும் வழி இருக்கும்போது திரைக்குப் போவது பிள்ளைகளுக்கு இழப்பு. பர்னரே இல்லாத அறைக்கு அது சரியான பதில்.

சிறிய சுடரைக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வராது, பிரமிப்புதான் அவர்களை அறிவியலுக்குள் இழுக்கும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். பிரமிப்பு வேண்டும்தான். ஆனால் பிரமிப்பும் புரிதலும் ஒன்றாகவே வருவதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரும் உடன் பணியாற்றியவர்களும் இயற்பியல் வகுப்புச் செய்துகாட்டல்களை ஆராய்ந்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போன மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காத மாணவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மேலாகப் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வைக்கப்பட்டவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அது இயற்பியல், கல்லூரி வகுப்பு. ஆனாலும் வேதியியல் ஆசிரியருக்கு இதில் செய்தி இருக்கிறது. பெயர் ஒட்டாத ஒரு குச்சியைக் கொடுத்து, இதில் என்ன உலோகம் இருக்கிறது, எழுதிவிட்டுப் பிறகு சுடரில் காட்டு என்றால், அந்த ஒரு குச்சி ஆறு கிண்ண நெருப்பைவிட அதிகம் கற்பிக்கும். சோடியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் ஒரே நிறம் தருமா என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும்.

இதே அளவுகோலை மற்றச் செய்துகாட்டல்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். அம்மோனியம் டைகுரோமேட் எரிமலைக்கு என் பதில் காணொளி மட்டுமே. ஆரஞ்சுப் பொடியில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம், எரிந்து பறக்கும் பச்சைச் சாம்பலில் வினைபுரியாத மிச்சமும் கலந்திருக்கும். அதை மூச்சில் இழுத்துக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் எதுவும் இல்லை. ஹைட்ரஜன் பலூனில் ஆக்சிஜன் கலக்கவே கூடாது, மூடிய அறையில் அந்த வெடிச்சத்தம் காதைக் கெடுக்கும். சோதனைக்குழாயில் 'பொப்' என்று கேட்கும் சோதனையோ, சின்னச் சோப்புக் குமிழியோ அதே வினையைத்தான் காட்டுகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப் பீறிடலுக்கு 30 சதவீதக் கரைசல் எடுப்பார்கள், அது தோலில் பட்டால் சுட்டுவிடும். 6 சதவீதமும் ஈஸ்ட்டும் போதும், நுரை கொஞ்சம் தாழ்வாக எழும், அவ்வளவுதான்.

சோடியத்தைத் தண்ணீரில் போடுவதில் என் பதில் அளவைப் பொறுத்தது. அரிசி மணி அளவு, தடுப்புக் கண்ணாடியோடு என்றால் சரி. பெரிய துண்டு கூடாது. ஹைட்ரஜன் தீப்பிடிப்பதால்தான் வெடிக்கிறது என்று நெடுநாள் சொல்லிக்கொடுத்தோம். பாவல் யுங்விர்த் குழுவினர் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2015-இல் காட்டியது வேறு: உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் மின்னல் வேகத்தில் தண்ணீருக்குள் போய்விட, மிஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளி உலோகம் முட்களாகச் சிதறுகிறது. இதை வகுப்பில் சொல்லிவிட்டு அந்தப் படங்களையும் காட்டினால் பெரிய துண்டு போட வேண்டிய அவசியமே வராது. பழைய பொட்டாசியத்தின் மேல் மஞ்சள் படிந்திருந்தால் வெட்டவே கூடாது, அந்தப் படிவு வெட்டும்போது வெடிக்கலாம்.

எந்த முறையை எடுத்தாலும் தீப்போர்வையும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகள் வெளியேறும் வழியில் மேசை நிற்கக் கூடாது. தீக்காயத்தில் ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி ஆசிரியருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

மரக்குச்சிக்கு மாறுவது என்று பள்ளி முடிவெடுத்த பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கும். அலமாரியில் இருக்கும் பாதி மெத்தனால் பாட்டிலை என்ன செய்வது? தொட்டியில் கொட்டக் கூடாது, அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும் என்று வைக்கவும் கூடாது. புதிதாக வரும் ஆசிரியர் ஒருவர் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைத் தேடி எடுப்பார். கையிருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்கி, வேதிக்கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடுத்த கொள்முதல் பட்டியலில் மெத்தனால் இருந்த இடத்தில் மரக்குச்சியும் ஸ்ட்ரான்ஷியம் குளோரைடும் வரட்டும்.